ஸ்டண்ட் கிட் வாங்கும்போது கவனிக்க

கண்ட்ரோல் லைன் ஸ்டண்ட் போட்டிக்கு (கையில் கம்பி பிடித்து மாதிரி விமானத்தைத் தன்னைச் சுற்றிப் பறக்கவிட்டுச் சாகசம் காட்டுவது) கிட், அதாவது விமானம் கட்டும் பாகங்களின் பெட்டி, எடுப்பவர்கள் பெட்டிப் படத்தில் மயங்காமல் உள்ளே இருக்கும் பால்சா எனும் லேசான மரத்தை எடை போட்டுப் பாருங்கள். 3 அங்குல அகலம், 36 அங்குல நீளம், 1/16 அங்குலத் தடிமன் உள்ள ஷீட் 11 முதல் 14 கிராம் இருந்தால் நல்ல மரம். 20 கிராமைத் தொட்டால் வால் பக்கம் சேர்க்கவே கூடாது. வால் கனத்தால் மூக்கில் ஈயம் வைக்க வேண்டிவரும், மொத்த எடை ஏறி, சதுர லூப்பின் (சதுர வடிவில் மேலேறி இறங்கும் சுற்று) மூலைகளில் விமானம் தொய்யும்.

பழைய டிசைன்களில் 3 அங்குல பெல்கிராங்க்தான் (கம்பியின் இழுப்பை வாலுக்குக் கடத்தும் நெம்புகோல்) வரும். பெரிய எஞ்சின் என்றால் 4 அங்குலத்துக்கு மாற்றுங்கள், கட்டுப்பாடு மென்மையாகும். நகர்த்தக்கூடிய லீட்அவுட் கைடும் (இறக்கை நுனியில் கம்பிகள் வெளிவரும் இடத்தைப் பிடிக்கும் துண்டு), வெளி இறக்கை நுனியில் எடைப் பெட்டியும் பிளானில் இல்லையா? இறக்கையை மூடும் முன்பே சேர்த்துவிடுங்கள். முதல் போட்டி என்றால் புரொஃபைல் கிட்டே (உடல் தட்டைப் பலகையாக இருப்பது) போதும், விழுந்தாலும் ஒட்டிக்கொள்ளலாம்.