பிரெஞ்சு வினைச்சொல்லை அசை பிரித்து ஒலிப்பது எப்படி?

பிரெஞ்சு வினைச்சொல் ஒன்றை வாய்விட்டுப் படிக்கும் முன் அதைக் கண்ணுக்கு ஒரு முறையும் காதுக்கு ஒரு முறையும் அசை பிரித்துப் பார்க்க வேண்டும். இவ்விரண்டும் ஒன்றே என்று எண்ணித் தொடங்குவதில்தான் பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன. (எழுத்துகளை நமக்குப் பழகிய ஆங்கிலப் பெயர்களாலேயே குறிக்கிறேன்.)

எழுத்துப் பிரிப்பு எளிது. இரண்டு உயிர்களுக்கு நடுவே நிற்கும் ஒற்றை மெய் அடுத்த அசைக்குப் போகும்; இரு மெய்கள் நின்றால் நடுவில் பிரியும்; ஆனால் பி, சி, டி போன்ற வல்லொலியை அடுத்து எல் அல்லது ஆர் வந்தால் அவ்விணை பிரியாது. எனவே ‘பேசு’ என்னும் பொருளுடைய வினை பார்-லே என்றும், ‘நுழை’ என்பது ஆன்-த்ரே என்றும் பிரியும்.

காதின் கணக்கு வேறு. ‘பார்லே’யின் நிகழ்காலத்தில் நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நால்வருக்கும் ஈறுகள் முறையே இ, இ-எஸ், இ, இ-என்-டி என்று எழுதப்பட்டாலும் நான்கும் ‘பார்ல்’ என்ற ஓரசையாகவே ஒலிக்கும். நாம், நீங்கள் என்பவற்றுக்கு மட்டுமே பார்-லோன் (இறுதி னகரம் மூக்கொலியாக மட்டும்), பார்-லே என ஈரசை உண்டு. ஆகவே அந்த நால்வரின் ஈற்றை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். மெய்யில் முடிக்கத் தயங்கும் நம் நாக்கு ‘பார்லு’ என்று ஓர் உகரத்தைச் சேர்க்கப் பார்க்கும்; அதற்கு இடம் தரக் கூடாது.

இ-என்-டி வினையின் படர்க்கைப் பன்மை ஈறாக வரும்போதுதான் ஊமை. ‘வருகிறான்’ என்பதன் ஒருமை வடிவமும் அதே மூன்று எழுத்துகளில் முடிந்தாலும், அங்கே அது ‘வ்யேன்’ என மூக்கொலியாகும். பன்மையிலோ னகர மெய் முழுதாகக் கேட்கும்.

உயிரில் தொடங்கும் வினைக்கு முன் நிற்கும் சொல்லின் இறுதி மெய் அதன்மேல் ஏறும். நம் புணர்ச்சியிலும் உள்ள வழக்கம்தான் இது. ‘அவன் விரும்புகிறான்’ இ-லெம். ‘அவர்கள் விரும்புகிறார்கள்’ இல்-ஸெம். ஒருமை பன்மையைக் காட்டுவது அதிர்வுள்ள அந்த ஸகரம் ஒன்றே.

எதிர்காலத்தில் ஈற்றுக்கு முன் இடையே வரும் ‘இ’ என்ற அதே ஆங்கில எழுத்து, நம் குற்றியலுகரம்போல் தேயும் ஒலி. அதற்கு முன் ஒரு மெய்யொலி மட்டும் இருந்தால் பேச்சில் அது விழுந்து, ‘விரும்புவேன்’ என்பது ஜெம்-ரே என ஈரசையாகும். இரண்டு இருந்தால் மெய்கள் மூன்று நெருக்குமென்பதால் நிலைத்து, ‘பேசுவேன்’ என்னும் வினை பார்-ல-ரே என மூவசையாகும். மோரிஸ் கிராமோன் என்ற மொழியியலாளர் இதை ‘மூன்று மெய் விதி’யாக வகுத்தார்.

செய்யுளில் மட்டும் இந்தக் கணக்கு மாறும்: பன்னிரண்டு அசை கொண்ட மரபடியில், மெய்க்கு முன் வரும் ‘பார்ல்’ ஈரசையாக எண்ணப்படும்.