‘தாரர்’ எந்த ஊர்க்காரர்? ஒரு விகுதியின் பூர்வீகம் தேடும் முறை

ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு விகுதி ஆராய்ச்சியில் இறங்காதீர்கள். ஒரே ஈறு வரும் சொற்கள் ஐந்தாறாவது கையில் இருக்கட்டும்: மனுதாரர், பங்குதாரர், சந்தாதாரர், பட்டாதாரர், விண்ணப்பதாரர்.

முதல் வேலை வெட்டிப் பார்ப்பது. மிஞ்சுவது தனிச்சொல்லாக நிற்க வேண்டும். ஈறும் எல்லாவற்றிலும் ஒரே பொருள் தர வேண்டும். மனு, பங்கு, சந்தா மூன்றும் நிற்கின்றன. ‘உடையவர்’ என்ற பொருளும் மாறவில்லை. ‘அவதாரம்’, ‘ஆதாரம்’ இந்தச் சோதனையிலேயே கழன்றுவிடும்.

அடுத்து, தமிழ் ஒட்டவைத்ததைக் கழியுங்கள். ‘அர்’ நம் மரியாதை விகுதி. எஞ்சும் ‘தார்’ பழைய பதவிப் பெயர்களில் அப்படியே இருக்கிறது: தாசில்தார், சுபேதார், ஜமீன்தார். பாரசீகம் ஆட்சிமொழியாக இருந்த காலத்துச் சொற்கள் இவை. வைத்திரு, கொண்டிரு என்று பொருள்படும் பாரசீக வினையடிதான் இந்தத் ‘தார்’. ‘தாசில்’ அரபு, ‘ஜமீன்’ பாரசீகம், ‘பங்கு’ தமிழ். ஆகவே முன்பகுதியின் மொழியைப் பார்த்து விகுதியின் மொழியைச் சொல்லிவிட முடியாது. பலர் சறுக்குவது இங்கேதான்.

இனி ஒட்டுமிடத்தைக் கவனியுங்கள். கடைக்காரர், வண்டிக்காரர் என்று ஒற்று மிகுகிறது. மனுதாரர், சந்தாதாரர் என்பவற்றில் மிகுவதில்லை. இந்தக் ‘காரர்’, குயவரைக் குறிக்கும் ‘கும்பகாரன்’ என்பதில் உள்ள வடமொழிக் ‘கார’தான். அதன் ககரம் வல்லொலி, அதைக் காக்க ஒற்று தேவைப்படுகிறது. ‘தார்’ என்பதன் தகரமோ மெல்ல அதிரும் ஒலி: ‘தயிர்’ என்பதில் வரும் தகரம்போல அல்ல, ‘பாதை’யில் வரும் தகரம்போல. ஒற்றுப் போட்டால் ஒலியே மாறிவிடும். தமிழ் எழுத்து மறைத்த ஒலியைப் புணர்ச்சி காட்டிக்கொடுக்கிறது. ஆனால் இது துப்புதான், தீர்ப்பு அல்ல: ‘வெற்றிகரம்’ என்பதிலும் வல்லொலிக் ககரமே, ஒற்றோ இல்லை.

பக்கத்து வீட்டு ஈறுகளையும் பிரித்துவையுங்கள். பட்டாதாரர் நிலப்பட்டா உடையவர், பாரசீகத் ‘தார்’. பட்டதாரி, வேடதாரி, துப்பாக்கிதாரி ஆகியவற்றில் இருப்பது, தரித்தவர் எனப் பொருள்படும் வடமொழித் ‘தாரி’. இரண்டும் இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. உறவு உண்மை, ஆனால் தமிழுக்கு வந்த வழி வேறு வேறு.

‘கஜானா’ இன்னொரு பொறி. ‘கார்கானா’வில் உள்ள ‘கானா’ வீடு என்னும் பாரசீகச் சொல். கஜானாவோ முழுதாகவே அரபிலிருந்து வந்தது, வெட்டக் கூடாது. அதனோடு தொடர்புடைய ‘கஜாஞ்சி’யில் மட்டும் விகுதி உண்டு, தொழில் செய்பவரைக் குறிக்கும் துருக்கியச் ‘சி’.

கடைசியாக அகராதி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924–36) சொல்லுக்குச் சொல் மூலம் தருகிறது. அதில் ‘உருது’ என்று கண்டால் அங்கேயே நிற்காதீர்கள். அது தமிழுக்கு வந்த வாசல் மட்டுமே. அதே சொல்லைப் பாரசீக, அரபு அகராதிகளிலும் தேடிப் பாருங்கள்.