பனங்கொட்டை நடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆவணி, புரட்டாசி வந்துவிட்டால் கண்மாய்க் கரைகளில் பனங்கொட்டைச் சாக்குகளோடு ஆட்கள் இறங்கிவிடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள், கல்லூரி இளைஞர்கள், ஊர்ப் பெரியவர்கள் என்று எல்லோரும் வருகிறார்கள். பார்க்க மனசு நிறைகிறது. ஆனால் இரண்டு மழைக்காலம் கழித்து அதே கரையில் நடந்தால், வடலிகளை, அதாவது இளம் பனைகளை, விரல்விட்டு எண்ணிவிடலாம். நாங்கள் தொடங்கிய காலத்தில் செய்த தவறுகளையே புதிதாக வருகிறவர்களும் திரும்பச் செய்கிறார்கள். ஆடு மேய்ந்தது, வேலி போடாதது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை, விட்டுவிடுகிறேன். பனை எப்படி முளைக்கிறது என்று தெரியாததால் வருகிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

பையில் வளர்த்து எடுத்து நடுவது

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. இன்றைக்கும் கோபம் வருகிறது.

வேம்பும் புங்கனும் முளைக்கிற மாதிரி பனை முளைப்பதில்லை. அவற்றில் விதை கிடக்கிற இடத்திலிருந்தே வேர் கீழே போகும், தண்டு மேலே வரும். பனங்கொட்டைக்குள் இருக்கும் கரு மிகச் சிறியது. அதற்கு ஒரே ஒரு வித்திலைதான். முளைக்கத் தொடங்கியதும் அந்த வித்திலையின் ஒரு முனை கொட்டைக்குள்ளேயே தங்கி, வெள்ளையாக, பஞ்சு போல உப்புகிறது. கொட்டையை வெட்டி நாம் தின்கிற தவுன் அதுதான். பூரான் என்றும் சொல்வார்கள். நுங்காக இருந்தபோது இளகிக் கிடந்த உணவு, பழம் முற்றியதும் கல் மாதிரி இறுகிவிடும். அதைக் கரைத்து உறிஞ்சிக் கருவுக்கு அனுப்புவது தவுனின் வேலை. வித்திலையின் மறுமுனை குழல் போல நீண்டு வெளியே வந்து, கருவைத் தன் நுனியில் வைத்துக்கொண்டு நேராக மண்ணுக்குள் இறங்குகிறது. மண் இளக்கமாக இருந்தால் ஒன்றரை அடி, இரண்டு அடி கூடப் போகும். போய்ச் சேர்ந்த பிறகுதான் அங்கிருந்து வேர் கீழே விடுகிறது, குருத்து அந்தக் குழலுக்குள்ளேயே மேலே ஏறுகிறது. குருத்தைச் சுற்றிய முதல் இலை உறையில் மாவுச்சத்து சேர்ந்து தடிப்பதுதான் பனங்கிழங்கு.

கவனிக்க வேண்டியது இதுதான்: வளரும் முனை கிழங்கின் அடியில், வேரை ஒட்டி இருக்கிறது. இலை மேலே தெரிந்தாலும் உயிர் இருப்பது கீழே.

இப்போது அரை அடி உயர பாலித்தீன் பையில் கொட்டையை வையுங்கள். இறங்குகிற முளை பையின் அடியில் முட்டும். சில சுருண்டு கிடக்கும். பல, அடியில் இருக்கும் ஓட்டை வழியாகவோ பையைக் கிழித்துக்கொண்டோ தரைக்குள் போய்விடும். நடவு நாளில் பையைத் தூக்கினால் ‘படக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தோடு கதை முடிந்தது. வேரும் வளரும் முனையும் பழைய இடத்திலேயே தங்கிவிடும், கையில் வருவது ஒரு இலையும் அறுந்த கிழங்கும்தான்.

ராமநாதபுரம் பக்கம் ஒரு ஊரில், ஒரு அமைப்பு இப்படிப் பையில் வளர்த்த பனங்கன்றுகளை மினி லாரியில் கொண்டுவந்து விழா எடுத்து நட்டது. ஒரு மாதம் வரை எல்லாம் பச்சையாகவே இருந்தன. கிழங்கில் மிச்சமிருந்த சத்தில் இலை தாங்கியது, அவ்வளவுதான். ‘பிடித்துவிட்டது’ என்று சந்தோஷப்பட்டார்கள். சந்தேகப்பட்டு ஒன்றை மெல்ல இழுத்தேன், எந்தப் பிடிப்பும் இல்லாமல் கையோடு வந்தது. அடியில் ஒரு வேர்கூட இல்லை. அறுந்த இடம் பழுப்பேறி அழுகியிருந்தது. கார்த்திகை முடிவதற்குள் அந்த வரிசை முழுக்கச் சருகாகிவிட்டது. அத்தனை பேர் உழைப்பும் செலவும் போனதைவிட, ‘பனை இந்த மண்ணுக்கு வராது’ என்று அந்த ஊர்க்காரர்கள் முடிவு கட்டிவிட்டதுதான் எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

ஏன் பையில் வைக்கிறீர்கள் என்று கேட்டால், கணக்குக் காட்டலாம், விழாவில் கையில் கொடுக்கலாம் என்கிறார்கள். விழாவில் கொட்டையையே கொடுங்கள். நிற்கப்போகிற இடத்திலேயே கொட்டையாக நடுங்கள். குவித்து வைத்த கொட்டையில் முளை எட்டிப் பார்த்துவிட்டதா? ஒடியாமல் எடுத்து அன்றைக்கே குழியில் வைத்துவிடுங்கள், மறுநாளுக்குத் தள்ளாதீர்கள்.

ஆழக் குழி

வேண்டாம். கொட்டைக்கு மேல் நாலு விரல் மண் போதும், ஆழம் போவதை அது பார்த்துக்கொள்ளும். அடி மண் இறுகிக் கிடந்தால் கடப்பாரையால் குத்தி இளக்கிவிடுங்கள்.

தண்ணீர் நிற்கும் இடத்தில் நடுவது

முளைக்கிற விதைக்குக் காற்றும் வேண்டும். கண்மாயின் உள்சரிவில், நீர்மட்டத்துக்குக் கீழே புதைத்த கொட்டை அழுகும். கரையின் வெளிப்பக்கம் நடுங்கள்.

போன வருஷக் கொட்டை

வேண்டவே வேண்டாம்.

‘முளைக்கவில்லை’ என்று தோண்டிப் பார்ப்பது

நட்டு மூன்று மாதமாகியும் மேலே ஒன்றும் தெரியாது. உள்ளே கிழங்கு இறங்கிக்கொண்டிருக்கும். இலை தலைகாட்ட இன்னும் பல மாதம் ஆகும், சில இடங்களில் ஓராண்டை நெருங்கும். அதற்குள் பொறுமை இழந்து மண்வெட்டியைப் போடுகிறார்கள். அப்புறம், பொங்கல் நேரத்தில் கிழங்குக்காகத் தோண்டுகிறவர்களும் உண்டு. நட்ட இடத்தைப் பற்றி ஊரில் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

முதல் இலை விசிறி மாதிரி இருக்காது. பிளவில்லாமல், நீளமாக, மடிப்பு விழுந்த ஒற்றை இலையாக வரும். நூறு நாள் வேலையில் கரையைச் சுத்தம் செய்கிறவர்கள் புல் என்று நினைத்து அதையும் சேர்த்துச் செதுக்கிவிடுகிறார்கள். பக்கத்தில் ஒரு குச்சி நட்டு வைத்தால் போதும்.

பெண் பனைக் கொட்டையாகத் தேடுவது

பனையில் ஆண் தனி, பெண் தனி. முதல் பாளை விடும்வரை, அதாவது பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளோ அதற்கும் மேலோ ஆகும்வரை, எது எதுவென்று பார்த்துச் சொல்ல முடியாது. வடிவத்தை வைத்து ‘இது பெண் கொட்டை’ என்று விற்கிறவர்களை நம்பாதீர்கள். ஆண் பனை வீண் என்பதும் சரியில்லை. பதநீர் இரண்டிலும் இறங்கும். ஆண் இல்லாவிட்டால் பெண் பனைக்கு மகரந்தமும் இல்லை.

நெருக்கி நடுவது

பத்தடி இடைவெளி.

வடலி உயரவில்லை என்று கைவிடுவது

மாமரம் உயர்ந்துகொண்டே பருக்கும். ஆண்டுதோறும் தண்டைச் சுற்றிப் புது மரம் சேர்க்கும் திசு அதற்கு உண்டு. ஒருவித்திலைத் தாவரமான பனைக்கு அது கிடையாது. அதனால் அடிமரத்துக்கு வேண்டிய பருமனை முதலில் தரைமட்டத்திலேயே சேர்த்துக்கொண்டு, பிறகுதான் உயரத் தொடங்குகிறது. பல ஆண்டுகள் வெறும் ஓலைக் குத்தாகவே நிற்கும். அது சவலை இல்லை, பனை வளர்கிற முறையே அதுதான்.

சீமைக் கருவேலம் அழிக்க ஜேசிபி வருவது பெரும்பாலும் இந்தப் பருவத்தில்தான். அடிமரம் இல்லாததால் ஓட்டுநருக்கு அது மரமென்றே தெரியாது. பனைக்குக் கிளை இல்லை, இருப்பது ஒரே குருத்து; அது நசுங்கினால் மறுபடி துளிர்க்காது. வண்டி இறங்குகிற அன்று காலையில் போய், ஒவ்வொரு வடலியிலும் சிவப்புத் துணி கட்டிவிட்டு, ஓட்டுநரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.