பதினெட்டு ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள்: டோனர் வழியில் பிள்ளை பெறுபவர்கள் செய்யும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு யாராவது ஒரு ஜோடி வந்துவிடும். தெரிந்த நர்ஸம்மா ஒருவர் அனுப்பிவைப்பார். தக்கலை, குலசேகரம், கருங்கல் பக்கத்து ஆட்கள். ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினாலும் சேர்ந்து நடந்து வரமாட்டார்கள், ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே. காப்பி குடித்து முடிக்கும்வரை மழை, ரப்பர் விலை என்று பேச்சு ஓடும். அப்புறம் அந்த ஆண் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்ணாச்சி, உங்களுக்கும்..." என்று இழுப்பார்.

ஆமாம், எனக்கும்தான். அசோஸ்பெர்மியா. விந்தில் அணுவே கிடையாது. என் மகள் டோனர் விந்தில், அதாவது வேறொருவர் தானமாகக் கொடுத்த விந்தில் பிறந்தவள், இப்போது கல்லூரியில் படிக்கிறாள். வருகிறவர்கள் சொல்வதைக் கேட்கக் கேட்க எனக்கு வயிற்றைப் பிசையும். நான் செய்த அதே கோளாறுகளை ஒன்றுவிடாமல் அவர்களும் செய்துகொண்டிருப்பார்கள். விளம்பரத்தை நம்பிக் கடன் வாங்குவது, பதிவில்லாத இடத்துக்குப் போவது, ஊசிக்குரிய தேதியைத் தவறவிடுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதைச் சொல்ல ஆள் நிறைய உண்டு.

குறை எனக்கு, விரதம் அவளுக்கு

பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் கடை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். எட்டு மாதம் அங்கேயே கிடந்தது. அந்த எட்டு மாதமும் என் அம்மா என் மனைவியை நாகர்கோவில் நாகராஜா கோவிலுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். நாகதோஷமாம். ஆவணி ஞாயிறு கூட்டத்தில் வரிசையில் நின்று, நாகர் சிலைக்குப் பால் ஊற்றி மஞ்சள்பொடி தூவிவிட்டு வருவாள். புடவைக் கரையெல்லாம் பாலும் மஞ்சளுமாக நனைந்திருக்கும். நான் வெளியே பைக்கில் சாய்ந்தபடி நிற்பேன். டிராயர் சாவி என் சட்டைப்பையில் இருக்கும்.

கோவிலைக் குறை சொல்லவில்லை. என்னைச் சொல்கிறேன். இப்போது வருகிற ஆண்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "யாருக்குக் குறைன்னு உங்க அம்மாகிட்ட சொல்லியாச்சா?" என்பதுதான். பத்துப் பேரில் எட்டுப் பேர் தரையைப் பார்ப்பார்கள். பக்கத்தில் அந்தப் பெண் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். அறிக்கை வந்த அன்றைக்கே அதை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

தம்பியிடம் கேட்பது

"வெளியாள் எதுக்கு? நம்ம ரத்தமாவே இருக்கட்டும்" என்று வீட்டில் பெரியவர்கள் ஆரம்பிப்பார்கள். கணவனின் தம்பியைக் கைகாட்டுவார்கள். மாமியாரே தம்பியிடம் பேசி முடித்துவிட்ட பிறகு திண்ணைக்கு வந்த ஜோடியும் உண்டு.

இது நடக்காது. உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பத்துக்கு 2021இல் சட்டம் வந்தது, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி டோனர் விந்தும் கருமுட்டையும் பதிவுபெற்ற வங்கி வழியாகத்தான் வரவேண்டும். சொந்தக்காரர், நண்பர் விந்து கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2005இலேயே வழிகாட்டு நெறியில் சொல்லிவிட்டது.

சட்டம் கிடக்கட்டும். ஒவ்வொரு பொங்கலுக்கும் உங்கள் தம்பி வீட்டுக்கு வருவார். பிள்ளை அவரைச் "சித்தப்பா" என்று கூப்பிடும்போது பந்தியில் யார் யார் முகத்தைப் பார்ப்பார்கள் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

ஒரு டோனருடையதை ஒரு ஜோடிக்கு மேல் கொடுக்கக் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. இன்று வருகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி. நாங்கள் 2004இல் திருவனந்தபுரத்துக்கு ஓடியபோது சட்டமும் இல்லை, நெறியும் இல்லை. என் மகளுக்கு எங்கே எத்தனை உடன்பிறப்பு என்று எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

"பதினெட்டு ஆகட்டும், சொல்லிக்கலாம்"

இதைக் கேட்டாலே எனக்கு இன்றும் எரிச்சல் வரும். வருகிறவர்களில் பாதிப்பேர் இதைச் சொல்வார்கள். நானும் சொன்னவன்தான்.

எங்களுக்குச் சிகிச்சை கொடுத்த டாக்டர் கடைசி நாளில், "வீட்டுக்குப் போங்க, மறந்துடுங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார். சரி என்று வந்துவிட்டோம். ஆனால் முன்னமே ஒருத்தியிடம் சொல்லியாகிவிட்டது. பணம் போதாமல் என் அக்காவிடம் சங்கிலி கேட்டேன், அடகு வைக்க. எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். அக்கா அத்தானிடம் சொன்னாள். அத்தான் அவர் தங்கையிடம் சொன்னார். எல்லாரும் "யார்கிட்டயும் சொல்லாதே" என்று சொல்லிச் சொல்லித்தான் சொன்னார்கள்.

மகளுக்குப் பதினொரு வயது இருக்கும்போது என் அம்மா போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் விசேஷம். பின்கட்டில் பெண்கள் அவியலுக்கு நறுக்கிக்கொண்டிருந்தார்கள். இவளும் ஒரு முருங்கைக்காயை வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். யாரோ ஒரு கிழவி, பிள்ளை யார் சாடை என்று கேட்டிருக்கிறார். அதற்கு அக்காவின் நாத்தனார் கத்தியை நிறுத்தாமலே சொன்னாளாம்: "நம்ம வீட்டு மூக்கு இவளுக்கு எங்க வரும்? அது இரவல் மூக்குல்லா!" இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருத்தி உஷ் என்றாள்.

மகள் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து, டியூஷன் முடிந்து ஸ்கூட்டரில் வரும்போது, வெட்டூர்ணிமடம் தாண்டியதும் பின்னாலிருந்து கேட்டாள்: "அப்பா, இரவல் மூக்குன்னா என்ன?"

அதுதான் எனக்குக் கிடைத்த சந்தர்ப்பம். பிள்ளையே வாசல் திறந்து கொடுத்தது. நான் என்ன செய்தேன்? "சும்மா கேலிக்குச் சொல்லுவாங்க மக்கா. உனக்கு என் மூக்குதான், கண்ணாடியில பாரு" என்றேன். அன்று ராத்திரி பீரோ கண்ணாடி முன்னால் நின்று முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து, மனைவி விடாப்பிடியாக நின்றதால், இருவருமாக உட்கார்ந்து சொன்னோம். அழவில்லை. "அத்தைக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "மாமாவுக்கு? அத்தானுக்கு?" தெரியும். "அன்னிக்கு அவியலுக்கு நறுக்கினவங்களுக்கு?" ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரலை மடக்கினாள். ஒன்பதில் நிறுத்தி, "அப்ப நான் பத்தாவதா?" என்றாள். அதற்குப் பிறகு ஆறு மாதம் என் ஸ்கூட்டரில் ஏறவில்லை. டியூஷனுக்குப் பஸ்ஸில் போய் வந்தாள்.

விந்து யாருடையது என்பதற்காக அவள் கோபப்படவில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுநாள் பிடித்தது. கண்ணாடியில் பார் என்று சொன்னேனே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

18 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்து நர்ஸுகள் பலர் பிரிட்டனில் இருக்கிறார்கள். 2005 ஏப்ரலுக்குப் பிறகு அங்கே பதிவான டோனர் என்றால், பிறந்த பிள்ளை 18 வயதில் அவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சுவீடனில் 1985லேயே இப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது. இதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு இங்கே 18 வயதில் சொன்னால் போதும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த 18, டோனரின் பெயரைக் கேட்பதற்கான வயது. தான் டோனர் வழியில் பிறந்த பிள்ளை என்பதைத் தெரிந்துகொள்ள அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. கேம்பிரிட்ஜில் சூசன் கோலம்போக் என்ற ஆய்வாளரின் குழு இப்படிப்பட்ட குடும்பங்களைக் குழந்தைப் பருவத்திலிருந்து 20 வயதுவரை பின்தொடர்ந்து பார்த்தது. ஏழு வயதுக்கு முன்பே விஷயம் சொல்லப்பட்ட வீடுகளில் தாய்க்கும் பிள்ளைக்கும் உறவு நன்றாக இருந்தது என்று 2023இல் எழுதினார்கள்.

அதோடு, நீங்கள் 18 வரை பொறுத்திருந்தாலும் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடம் பொறுக்காது. மெண்டலின் பரம்பரை விதிகளைப் படித்துவிட்டு, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஓ குரூப் ரத்தம் என்றால் பிள்ளைக்கு ஏ வராதே என்று ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கேட்கும். அதுவும் தப்பினால் அமெரிக்காவில் இருக்கிற சித்தப்பா மகன் எச்சிலைத் துப்பி டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்புவான், பிறகு உன்னுடையதையும் அனுப்பு என்பான்.

அப்படியானால் எப்போது சொல்வது? பிள்ளைக்குப் புரியாத வயதிலேயே ஆரம்பித்துவிடுங்கள். தொட்டிலை ஆட்டும்போதே சொல்லிப் பழகுங்கள். அந்தப் பழக்கம் உங்கள் வாய்க்குத்தான் தேவை. முதல் பத்துத் தடவை குரல் உடையும். பிள்ளை வளர்ந்து கேள்வி கேட்கும்போது உடையாது. அக்காவுக்கும் அம்மாவுக்கும் சொல்வதாக இருந்தால் பிள்ளையிடமும் சொல்லத் தயாரான பிறகு சொல்லுங்கள்.

விதை, நிலம் என்று கதை சொல்வது

சொல்லத் துணிந்தவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். "பக்கத்துத் தோட்டத்து மட்டி வாழைக்கன்றை நம்ம தோட்டத்துல வச்சோம், குலை நமக்குத்தானே" என்று ஒருவர் மகனுக்குச் சொன்னார். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அதில் அம்மா வெறும் மண்ணாகிவிடுகிறாள். பாதி அவளுடைய கருமுட்டை இல்லையா? வாழைக்கன்று அப்படியே தாய்வாழையின் நகல் வேறு. "பிள்ளை உண்டாக அம்மாகிட்டேர்ந்து ஒண்ணும் அப்பாகிட்டேர்ந்து ஒண்ணும் வேணும். அப்பாகிட்ட அது இல்ல. ஒருத்தர் கொடுத்தார்." இவ்வளவுதான். நாலு வயதுக்கு இது தாராளம்.

டாக்டரிடம் என் பரம்பரையை ஒப்பிப்பது

"குடும்பத்துல யாருக்காவது சுகர் உண்டா?" என்று கேட்டால் என் அப்பா, பெரியப்பா எல்லாரையும் வரிசையாகச் சொல்லிவிடுவேன். மகளுக்கு அதில் ஒருவரும் சம்பந்தமில்லை. வேண்டாத பரிசோதனைக்கு இரண்டு தடவை பணம் கட்டினோம். தந்தை வழி தெரியாது, டோனர் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் இதற்கு முன்னாலும் கேட்டிருப்பார்.

சிவப்பா, உயரமா வேணும் என்பது

இதைக் கேட்டால் நான் காப்பி போட எழுந்து போய்விடுவேன்.

காகிதங்களை எரிப்பது

எரிக்காதீர்கள். கிளினிக்கும் வங்கியும் பத்து வருடமாவது ஆவணங்களை வைத்திருந்து, அப்புறம் தேசியப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இருந்தாலும் உங்கள் பிரதி உங்கள் பீரோவில் இருக்கட்டும். நான் எரித்தேன்.

சொத்து போய்விடும் என்ற பயம்

"பின்னாடி பங்காளிங்க வழக்கு போட்டா?" என்று கேட்பார்கள். இருவரும் எழுத்தில் சம்மதம் கொடுத்துப் பிறந்த பிள்ளை, சட்டப்படி உங்கள் சொந்தப் பிள்ளை. வாரிசுரிமை உட்பட எல்லா உரிமையும் உண்டு. டோனருக்குப் பிள்ளை மீது எந்தப் பாத்தியதையும் இல்லை.

இதில் நாஞ்சில் நாட்டுக்காரர்கள் பயப்படுவதைப் பார்த்தால்தான் எனக்குச் சிரிப்பு வரும். மருமக்கள்வழி இருந்த ஊர் இது. சொந்த விந்தில் பிறந்த மகனை விட்டுவிட்டு அக்காள் தங்கை மகனுக்குச் சொத்து போய்க்கொண்டிருந்தது. திருவிதாங்கூர் அரசு 1926இல் வெள்ளாளர்களுக்குச் சட்டம் போட்டு அதை மாற்றியது. யார் பிள்ளை, யார் வாரிசு என்று இங்கே எழுதி எழுதித்தான் முடிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பழைய வழக்கப்படி பார்த்தால் என் மூக்கு யாருக்கும் தேவைப்பட்டிருக்காது.

இதை வெளியிடுவதற்கு முன் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு பத்தியை அடித்துவிட்டாள், அவை இதில் இல்லை. அவியல் பத்தியை அப்படியே விட்டிருக்கிறாள். ஓரத்தில் மட்டும் பென்சிலால் எழுதியிருந்தாள்: "முருங்கைக்காய் இல்ல, தடியங்காய்."