தள்ளுபடியான விவாகரத்து வழக்கை மீட்க மனு எழுதுவது

மகளுக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் கிடந்ததால் வாய்தாவுக்குப் போகவில்லை. என் மனு தள்ளுபடியானது. உங்களுக்கும் இப்படி ஆனால் பதறாதீங்க. சிவில் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 9-ன்படி அதே வழக்கை மீட்கக் கேட்கலாம். கெடு, தள்ளுபடியான நாளிலிருந்து 30 நாள். தாண்டிவிட்டால் காலவரையறைச் சட்டம் பிரிவு 5-ன்கீழ் தாமதத்தை மன்னிக்கக் கோரி இன்னொரு மனுவும் வேண்டும்.

மீட்கக் கேட்கும் மனுவில் பழைய வழக்கு எண், ஆண்டு, தரப்பினர் பெயர் அப்படியே இருக்கட்டும்.

மனுவோடு சேர்க்கும் பிரமாணப் பத்திரத்தில்தான் (சத்தியம் செய்து எழுதித் தரும் வாக்குமூலம்) விஷயமே. "உடல்நிலை சரியில்லை" என மொட்டையாக எழுதாதீங்க. யாருக்கு, என்றிலிருந்து, எந்த வார்டு எல்லாம் எழுதி, டிஸ்சார்ஜ் சம்மரியை இணையுங்க. தாமத நாளைக் காலண்டரில் விரல்வைத்து எண்ணுங்க. 41-ஐ நான் 40 என்று போட்டு, மனு திரும்பி வந்தது. ஒற்றை நாளுக்கு இன்னொரு அலைச்சல்! எதிர்த்தரப்புக்கும் நகல் எடுத்துவையுங்க.