கடைமடை ஊரில் விதைக் குழு தொடங்குவது எப்படி?

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வாய்க்கால் வந்து முடிகிற பக்கத்தில் எங்கள் நிலம். ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறந்தாலும் எங்களுக்குத் தண்ணீர் எட்ட நாளாகும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் மேலே இருக்கிற ஊர்த் தண்ணீரெல்லாம் எங்கள் வயலைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும். காய்ந்தாலும் நாங்கள்தான் முதலில், மூழ்கினாலும் நாங்கள்தான் முதலில். 2004 சுனாமியில் கடலோர நிலங்களில் உப்பு ஏறியதையும், 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் அடித்ததையும் பார்த்தவர்கள் நாங்கள். கஜாவில் தென்னையை மட்டும் நம்பியிருந்த குடும்பங்கள் ஒரே இரவில் மொத்தமும் இழந்தன. புதிய கன்று காய்க்கப் பல வருடம் ஆகுமே.

இப்படிப்பட்ட ஊரில் தனி ஆளாகத் தாக்குப்பிடிக்க முடியாது. ஊரே ஒரே ரகத்தை நட்டிருந்தால் ஒரு வெள்ளம், ஒரு பூச்சி எல்லோரையும் சேர்த்துச் சாய்த்துவிடும். வெவ்வேறு நெல், வெவ்வேறு வயது, வெவ்வேறு வருமானம் இருந்தால் யாரோ ஒருவரிடம் விதை மிஞ்சும், நாற்று மிஞ்சும். அதைக் கொடுத்து வாங்க ஒரு குழு வேண்டும். அதை எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.

முதலில் கூட்டம் போடும் இடத்தைப் பாருங்கள். இதைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பெரிய வீட்டுத் திண்ணையிலோ கோயில் வாசலிலோ கூடினால் பாதிப் பேர் வரமாட்டார்கள். வந்தாலும் ஓரமாக நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். பள்ளிக்கூடத் தாழ்வாரம், களம் என்று எல்லாத் தெருக்காரர்களும் சமமாக உட்காருகிற இடமாகப் பாருங்கள். நிலம் உள்ளவர் மட்டும் போதாது. குத்தகைக்காரர், நடவுக்கும் களைக்கும் வருகிற பெண்கள், மாடு வைத்திருப்பவர் என்று எல்லோரும் வேண்டும். எந்த வயலில் எந்தப் பக்கம் தண்ணீர் நிற்கும், எங்கே பயிர் மஞ்சளாகும் என்பது நடவுப் பெண்களுக்குத் தெரிந்த அளவு நிலத்துக்காரருக்கே தெரியாது. பத்துப் பேர் போதும். நூறு பேரைச் சேர்த்துவிட்டு யாரும் வராத குழுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், எல்லோரும் சேர்ந்து நிலத்தைச் சுற்றி நடங்கள். மேடு எது, பள்ளம் எது, உப்பு பூத்த களர் எது என்று ஒரு நோட்டில் மடைவாரியாக, அதாவது ஒரே மடையில் தண்ணீர் பாய்கிற வயல்களைச் சேர்த்து, எழுதுங்கள். ரகத்தை அதைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். தண்ணீர் தேங்கும் பள்ளத்துக்குக் காட்டுயானம் நல்லது. ஆள் உயரத்தைத் தாண்டி வளரும், ஆனால் சுமார் 180 நாள் நிற்கும். கொஞ்சம் உப்பு தட்டின இடத்தில் குழியடிச்சானும் களர்பாளையும் தாங்கும். பூங்கார் குறுகிய வயது நெல், வறட்சியையும் மழையையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். விற்றுக் காசு பார்க்க நல்ல வடிகால் உள்ள வயலில் சீரகச் சம்பா.

பாரம்பரிய நெல்தான் வேண்டும், மற்றதெல்லாம் கூடாது என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். சிஆர் 1009 சப் 1 என்கிற ஆராய்ச்சி நிலைய நெல் ரகம் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் திரும்பத் துளிர்க்கும். அதையும் ஒரு பங்கு நடலாம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்டுக் கடனை அடைக்க அதுவும் வேண்டியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பல ரகம் என்றதும் ஒரே மடையில் ஆளுக்கொன்றாக நட்டுவிடக் கூடாது. ஒருவருக்குத் தண்ணீர் வேண்டிய நேரத்தில் பக்கத்து வயல்காரர் அறுவடைக்கு வடிய விட்டுக்கொண்டிருப்பார். அங்கேதான் சண்டை ஆரம்பிக்கும். பயிர் முன்னும் பின்னுமாக நின்றால் புகையான், குருத்துப்பூச்சி போன்ற பூச்சிகள் ஒரு வயலிலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே இருக்கும். ஒரு மடைக்குள் ஒத்த வயதுள்ள நெல், மடைக்கு மடை மாற்றம். இந்த ஒரு விதியைக் கறாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி விதை. ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, பாரம்பரிய நெல் விதைகளைப் பரப்பிய நெல் ஜெயராமன் ஐயா, 2 கிலோ விதை வாங்குகிறவர் அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்று வைத்திருந்தார். இதைவிட எளிய கணக்கு கிடையாது. அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றை நாற்றாக நட்டால் ஒரு மா (சுமார் மூன்றில் ஒரு பங்கு ஏக்கர்) நிலத்துக்கு 1 கிலோ விதையே போதும். பயிர் அழிந்துபோனவரிடம் திருப்பிக் கேட்கக் கூடாது, மறுபடி 2 கிலோ கொடுக்க வேண்டும்; அதையும் முதல் கூட்டத்திலேயே பேசி நோட்டில் எழுதிவிடுங்கள். சொந்த விதையை வைத்துக்கொள்ளவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் 2001-ஆம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் இடம் தருகிறது. நிறுவனப் பெயர் ஒட்டிய விதையாக மட்டும் விற்கக் கூடாது. தயங்க வேண்டியதில்லை.

விதைக்கென்று வயலின் நடுப்பகுதியை ஒதுக்குங்கள். மற்ற ரகத்திலிருந்து குறைந்தது 3 மீட்டர் இடைவெளி வேண்டும். கலவன், அதாவது கலந்து வந்த வேறு ரகப் பயிரை, எடுப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. தூர் கட்டும்போது ஒரு முறை, பூக்கும்போது ஒரு முறை, அறுப்பதற்கு முன் ஒரு முறை வயலுக்குள் இறங்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரு அக்கா இருக்கிறார். வரப்பில் நின்று பார்க்கவே மாட்டார். வெயில் ஏறுவதற்கு முன் உள்ளே இறங்கி, குனிந்து தூரின் அடியைப் பிரித்துப் பார்ப்பார். மற்றதெல்லாம் பச்சையாக இருக்க, ஒன்றின் அடித்தண்டு மட்டும் லேசாக ஊதா அடிக்கும். வேரோடு பிடுங்கி இடுப்பில் செருகிக்கொள்வார், வயலில் போடமாட்டார். கதிர் வந்த பிறகு நெல் மூக்கில் மீசை இருக்கிறதா, கதிர் மட்டத்துக்கு மேலே எது தலை தூக்கி நிற்கிறது என்று பார்ப்பார். இந்தக் கண் உள்ளவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களைக் கூலிக்கு மட்டும் கூப்பிடாமல் குழுவில் உறுப்பினராக்குங்கள், விதைப் பொறுப்பையும் அவர்களிடமே கொடுங்கள்.

விதை வயலைக் கையால்தான் அறுக்க வேண்டும். இயந்திரத்துக்குள் முந்தின வயல் நெல் ஒட்டிக்கொண்டு வரும், மூன்று முறை எடுத்த கலவன் ஒரே மணி நேரத்தில் திரும்பிவிடும். அறுத்ததைக் கடித்தால் டக்கென்று உடையும் வரை காய வைத்து, நொச்சி, வேப்பிலை போட்டுக் குதிரிலோ சாக்கிலோ கட்டுங்கள். சாக்கு தரையில் படக் கூடாது, பலகை மேல் வையுங்கள். ஒரே வீட்டில் எல்லா விதையையும் வைக்காதீர்கள். ஒவ்வொரு ரகமும் இரண்டு வீட்டிலாவது, அதில் ஒன்று மேட்டுத்தெருவில் இருக்கட்டும்.

விதைப்பதற்கு முன் நூறு நெல்லை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து எண்ணுங்கள். 80-க்குக் குறைவாக முளைத்தால் அந்த விதையை யாருக்கும் கொடுக்காதீர்கள். பொக்கு (உள்ளே அரிசி பிடிக்காத நெல்) நீக்க, தண்ணீரில் போட்ட முட்டை நாலணாக் காசு அகலத்துக்கு மேலே தெரியும் வரை தண்ணீரில் உப்பைக் கரைத்து, நெல்லைக் கொட்டி மிதப்பதை அள்ளுங்கள். மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிடுங்கள்.

நாற்றங்கால் விஷயத்தில் ஒன்று செய்யுங்கள். ஊரிலேயே மேடான இடத்தில் பொது நாற்றங்கால் ஒன்று போட்டு, அவரவர் தேவைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள். நட்ட பிறகு மழையில் அழுகினால் பயிர் போன இடங்களில் மறுபடி நாற்று ஊன்றி பாடுவாசி நிரப்ப அது உதவும். வெள்ளம் வடிந்த மறுநாள் காசு கொடுத்தாலும் நாற்று கிடைக்காது. அந்தச் செலவைக் குழு பங்கு போட்டுக்கொள்ளட்டும். வடிகால் வெட்டும் வேலையும் புரட்டாசிக்குள் முடிய வேண்டும். எல்லோரும் ஒரே நாளில், வீட்டுக்கு ஒரு ஆள். வர முடியாதவர் கூலி கொடுத்துவிடலாம்.

சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, மண் மெழுகுப் பதத்தில் ஈரமாக இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள் உளுந்தும் பயறும் தெளித்துவிடுங்கள். இது நம் பக்கத்து வழக்கம்தான். இயந்திரத்தால் அறுக்கிற வயலில் முளைத்த உளுந்து நசுங்கிப்போகும் என்பதால், எங்கே கையறுப்பு என்று குழுவில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கோடையில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தையோடு வருவார்கள். தனித்தனியாகக் கூப்பிட்டால் சின்ன வயலுக்குக் கிடை கட்ட (எருவுக்காக இரவில் ஆட்டை வயலில் அடைக்க) மாட்டார்கள். நான்கைந்து பேர் அடுத்தடுத்த வயலாகச் சேர்ந்து கேட்டால் வருவார்கள்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் பதிவு செய்யலாமா என்று கேட்பீர்கள். பத்து விவசாயிகள் இருந்தாலே பதிவு செய்யலாம். ஆனால் அவசரம் வேண்டாம். தணிக்கை, வருடக் கணக்கு, கையெழுத்து என்று வந்ததும் ஓரிருவர் கையில் எல்லாம் போய்விடும். இரண்டு மூன்று பருவம் விதை கொடுத்து வாங்கி, நோட்டுக் கணக்கைக் கூட்டத்தில் சத்தமாகப் படித்துப் பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். பயிர்க் காப்பீட்டுக்கு மட்டும் முதல் வருடமே சேர்ந்து போங்கள். சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் பிரீமியம். இழப்பீட்டைப் பெரும்பாலும் கிராமத்தையே அலகாக வைத்துக் கணக்கிடுகிறார்கள். குத்தகைக்காரருக்கு அடங்கல் (என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்று) வாங்கித் தருவதில் குழு கூட நிற்க வேண்டும். அவர்கள்தான் இதில் அதிகம் விடுபடுகிறார்கள்.

முதல் கூட்டத்தைச் சித்திரையில் வையுங்கள். வயலில் வேலை இல்லாத மாதம், எல்லோரும் வருவார்கள். அப்போதே யாரிடம் என்ன விதை எவ்வளவு இருக்கிறது என்று கேட்டு எழுதினால், ஆடிக்குள் பக்கத்து ஊர்களிலும் விசாரித்து இல்லாததைச் சேர்த்துவிடலாம்.