பனி குறையுது, மல்லிச்செடிக்கு கவாத்து பண்ணியாச்சா?

மார்கழி, தை பனியில மல்லிச்செடி அப்படியே தூங்கிரும், இலை பழுத்து உதிரும், பூ ரொம்ப குறைஞ்சிரும், அதனாலதான் அந்த ரெண்டு மாசமும் மார்க்கெட்ல மல்லி விலைய கேட்டாலே தலை சுத்துது. வீட்டுல வளர்க்கறவங்க இதைப் பாத்து பயந்துபோய் உரம் வாங்கிட்டு வந்து கொட்டுவாங்க. செடிக்கு அப்ப தேவை உரம் இல்லங்க, கவாத்து, அதாவது கத்திரிய எடுத்து பழைய குச்சிய வெட்டி விடறது.

காரணம் சிம்பிள். மல்லி புதுசா வர்ற தளிர்லதான் மொட்டு வைக்கும். பழைய குச்சிய அப்படியே விட்டா கொடி மாதிரி நீண்டுகிட்டே போகும், நுனியில நாலு பூ பூக்கும், அவ்ளோதான். வயல்ல குண்டுமல்லி போடறவங்க நவம்பர் கடைசியிலேயே தரையிலருந்து 50 செ.மீ. உயரத்துக்கு வெட்டிருவாங்க, ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. தொட்டியில வச்சிருக்கறவங்க தை முடியறதுக்குள்ள வெட்டுனாலும் ஒண்ணும் மோசமில்ல, பங்குனி சித்திரைக்கு பூ வந்துரும்.

வெட்டறதுக்கு நாலஞ்சு நாள் முன்னாடியே தண்ணிய குறைச்சுருங்க. கத்திரி கூர்மையா இருக்கணும், ஸ்பிரிட்டோ டெட்டாலோ வச்சு தொடச்சுக்கோங்க, மொண்ணை கத்திரியால நசுக்குனா குச்சி மேலருந்து கீழ வரைக்கும் காய்ஞ்சுகிட்டே வரும். முதல்ல காய்ஞ்ச குச்சி, நோய் புடிச்சது, உள்பக்கமா ஒண்ணோட ஒண்ணு உரசிகிட்டு இருக்கறது எல்லாத்தையும் அடியோட எடுங்க. மிச்சத்த முழங்கால் உயரத்துக்கு, வெளிப்பக்கம் பாத்த கணுவுக்கு கால் இன்ச் மேல சாய்வா வெட்டுங்க. தடியான வெட்டுல காப்பர் ஆக்சிகுளோரைடு பவுடர குழைச்சு தடவிட்டா பூஞ்சை ஏறாது. ஒட்டிகிட்டு இருக்கற பழைய இலையையும் கையால உருவிருங்க, பாக்க மொட்டையா பாவமா இருக்கும், வீட்டுல பெரியவங்க யாராவது திட்டுவாங்க, கண்டுக்காதீங்க.

அடுத்து மண்ணு. மேல ரெண்டு இன்ச் கிளறி ரெண்டு நாள் வெயில் காய விடுங்க, அப்புறம் நல்லா மக்குன தொழு உரமோ மண்புழு உரமோ ரெண்டு கை, வேப்பம்புண்ணாக்கு ஒரு கை கலந்து விடுங்க, அதுக்கு மேல வேண்டாம், யூரியா பக்கமே போகாதீங்க, இலை மட்டும் பச்சைபசேல்னு வரும். வெங்காயத்தோல் தண்ணி, முட்டை ஓடு எல்லாம் ஊத்தணும்னு ஆசையா இருந்தா ஊத்துங்க, ஆனா வெட்டாத செடிக்கு அதை ஊத்தி பூவுக்காக காத்திருக்கறது வேஸ்ட்.

நிறைய செடி சாகறது கத்திரியால இல்ல, வெட்டுன பிறகு ஊத்தற தண்ணியாலதான். இலையே இல்லாத செடி எவ்ளோ தண்ணி குடிக்கும்? விரல விட்டு பாத்து மேல் மண்ணு காய்ஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க, இல்லன்னா வேர் அழுகிரும். ரெண்டு மூணு வாரத்துல தளிர் வரும், அப்பலருந்து கூட்டிக்கலாம். ஆறு மணிநேர வெயில் இல்லாத இடத்துல வச்சுட்டு என்ன பண்ணாலும் சரியா பூக்காது, இடத்த மாத்துங்க.

மத்த செடிய பத்தி சட்டுன்னு சொல்லிடறேன். டிசம்பர் பூ பூத்து முடிஞ்சதும் நல்லா தாழ வெட்டிரலாம். பவளமல்லியும் பூ நின்ன பிறகுதான். செம்பருத்திய மூணுல ஒரு பங்கு குறைச்சா போதும், வெட்டும்போதே கணுவுல வெள்ளையா மாவுப்பூச்சி இருக்கான்னு பாருங்க, எறும்பு வரிசையா ஏறுதுன்னா இருக்க வாய்ப்பு அதிகம். அரளி பால் விஷம், கையுறை இல்லாம தொடாதீங்க, வெட்டுன குச்சிய ஆடு மாடு திங்கற இடத்துல போடாதீங்க. ஒட்டு ரோஜாவுல ஒட்டு போட்ட முடிச்சுக்கு கீழருந்து வர்ற கிளைய விட்டா அது செடியையே முழுங்கிரும், பாத்ததும் கிள்ளுங்க. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருக்கறவங்க மட்டும் அவசரப்பட வேண்டாம், உறைபனி விழும்போது வெட்டுனா வர்ற தளிர் கருகிரும்.

மறுபடி மல்லிக்கு வர்றேன். தளிர் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா தெரிஞ்சா இரும்புச்சத்து குறைவு, லிட்டர் தண்ணிக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்ஃபேட் கலந்து சாயங்காலம் இலை மேல அடிங்க. மொட்டுல ஓட்டை இருந்தா, ஊதா நிறமாகி உதிர்ந்தா உள்ள புழு இருக்கு, அந்த மொட்டெல்லாம் பறிச்சு தூரப்போட்டுட்டு வேப்பெண்ணெய் 5 மில்லி, கொஞ்சம் சோப்பு கரைசல் லிட்டர் தண்ணிக்கு கலந்து வாரம் ஒருதடவ அடிச்சா போதும், ஆனா வெயில்ல அடிக்காதீங்க, இலை வெந்துரும். வெயில் ஏற ஏற இலை அடியில சிலந்திப்பேன் வரும், பைப்ப திருப்பி கீழருந்து மேல தண்ணிய பீய்ச்சி அடிச்சாலே பாதி போயிரும். ஒவ்வொரு தடவ பூத்து ஓய்ஞ்சதும் நுனிய ரெண்டு மூணு இன்ச் கிள்ளி விட்டுட்டே இருங்க, பக்கத்துல கிளைச்சு அடுத்த மொட்டு வைக்கும்.